விண்டோஸ் பாதியில் நிற்கிறதா? எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் போடும்போது பாதியில் நின்றால் பலரும் உடனே ஹார்டு டிஸ்க்கைத்தான் சந்தேகப்படுகிறார்கள். எதையும் கழற்றும் முன், இரண்டு முறை ஓடவிட்டு எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் பென்டிரைவ், அல்லது அதிலுள்ள ஐஎஸ்ஓ கோப்பு (விண்டோஸ் முழுவதையும் அடக்கிய ஒரே கோப்பு). ஒரு தடவை 23, அடுத்த தடவை 61 என்று மாறினால் ரேம், சூடு, கரண்ட் மூன்றில் ஒன்றைத் தேடுங்கள்.

பென்டிரைவ் கதை சுருக்கம். வேறொரு கம்ப்யூட்டரில் ஐஎஸ்ஓவை இறக்கி, கோப்பு முழுதாக இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 எண்ணை, இறக்கிய தளத்தில் உள்ளதோடு சரிபார்த்து, 8 ஜிபிக்குக் குறையாத வேறு பென்டிரைவில் எழுதுங்கள். கேபினெட்டின் முன்பக்க போர்ட் வேண்டாம். பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள்.

ரேமில்தான் நிதானம் வேண்டும். இன்ஸ்டால் என்பது சுருக்கி வைத்த கோப்புகளை ரேமில் விரித்து டிஸ்கில் எழுதும் வேலை. ஒரே ஒரு பிட் பிசகினாலும் கணக்கு இடிக்கும்; பென்டிரைவ் நன்றாக இருந்தாலும் ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்று 80070570 பிழை வரும். கரண்ட் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திவிட்டு ரேமைக் கழற்றுங்கள். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் அதன் தங்கநிறப் பட்டைகள் மங்கியிருக்கும். வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் போடுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது, பூச்சு உரிந்துவிடும். ஒரு ரேமை மட்டும் வைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற புரோகிராம் நாலு சுற்று ஓடட்டும். ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டு செட்டிங்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் வசதி, ஆன் ஆகியிருந்தால் அதை அணைத்து மறுபடி சோதித்த பிறகே ரேமைக் குறை சொல்லுங்கள்.

பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் பட்டென்று அணைந்தால் சூடு அல்லது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி). திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் (செம்மணல்) மாவு மாதிரி. பிராசசர் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்குள் அடைத்துக்கொள்ளும். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். அதன்பிறகும் பயாஸில் சும்மா இருக்கும்போதே 70 டிகிரியைத் தாண்டினால் பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை இன்ஸ்டால் ஓடும்போதே அளக்க வேண்டும்: மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25. சும்மா நிற்கும்போது அளந்தால் கெட்டதும் நல்லதாகத் தெரியும். தோட்டத்து மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

டிஸ்கைச் சோதிக்க உபுண்டு லைவ் பென்டிரைவே (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ்) போதும். அதிலுள்ள ‘டிஸ்க்ஸ்’ செயலியில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே எழுதி வைக்கும் கணக்கு, கிடைக்கும். அதில் 197 என்ற எண்ணுள்ள வரியில் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் இடங்கள்) பூஜ்யம் இல்லையென்றாலோ, 5 என்ற எண்ணுள்ளது (கெட்டு மாற்றப்பட்ட இடங்கள்) கூடிக்கொண்டே போனாலோ முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். 199 (கேபிள் வழியில் நேர்ந்த பிழைகள்) மட்டும் ஏறினால் டிஸ்கைத் தொட வேண்டாம், டிஸ்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினால் போதும். பழைய எண்ணிக்கை அழியாது. கேபிள் மாற்றியபின் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது.

இன்டெல் 11ஆம் தலைமுறை, அதற்குப் பிந்தைய லேப்டாப்களில் டிஸ்கே பட்டியலில் வராமல் போனால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. பயாஸில் விஎம்டி (டிஸ்கை இன்டெல்லின் தனி டிரைவர் வழியாகவே காட்டும் வசதி) ஆன் ஆகியிருக்கலாம். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து பென்டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ கொடுங்கள், டிஸ்க் தெரியும்.