பைலாவுக்கு ஒரு சத்தம், மெட்டலுக்கு வேறு சத்தம்: ஆம்ப் மொடலரைச் சரியாக அமைப்பது

வெள்ளவத்தை மாடிவீட்டு அறையில் ஹெட்போனில் மலைபோல ஒலித்த கிற்றார், கல்யாண மண்டபத்தில் டிரம்ஸும் கீபோர்ட்டும் சேர்ந்தவுடன் காணாமல் போய்விடுகிறது. பழி வழக்கமாக மொடலரின் (நிஜ ஆம்பின் சத்தத்தை நகலெடுக்கும் கருவி அல்லது மென்பொருளின்) மேல் விழும். உண்மையில் பாதிக் காரணம் வாசிப்பவரின் காதுதான். மெட்டல் கேட்டு வளர்ந்த காது மிட்டை (நடுச்சத்தத்தை) குறைத்து பாஸைக் கூட்டச் சொல்லும்; தேவாலய ஆராதனை இசையில் ஊறிய காது எல்லாவற்றிலும் எதிரொலி தேடும். அந்தப் பழக்கத்தோடு துள்ளிசை (தமிழ் பொப்) மேடைக்குப் போனால் சத்தம் ஒட்டாது. ஒவ்வொரு இசையிலும் மற்ற வாத்தியங்கள் கிற்றாருக்கு விட்டுவைக்கும் இடம் வேறு. மொடலரை அந்த இடத்துக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும்.

உள்ளே போகும் அளவு

எந்த இசையானாலும் இதுதான் முதல் வேலை. லப்டொப்பில் வாசிப்பவர்கள் இன்டர்ஃபேஸில் (கிற்றாரை லப்டொப்போடு இணைக்கும் பெட்டியில்) 'இன்ஸ்ட்ருமென்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று குறித்த துளையில் கிற்றாரைச் சொருகுங்கள். அதன் தடை பெரும்பாலும் 1 மெகாஓம் அளவில் இருக்கும். லைன் துளையில் சொருகினால் பிக்அப்புக்குப் பாரம் ஏறி மேல்பகுதி மங்கிவிடும். பிறகு ட்ரெபிளை எவ்வளவு திருகினாலும் அந்தத் தெளிவு திரும்பாது.

பிரிட்ஜ் பிக்அப், வொலியூம் முழுதாக, மேடையில் அடிக்கும் அதே பலம். இப்படி அடிக்கும்போது மீற்றரின் உச்சம் −12 டெசிபெல்லுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். மென்பொருளின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மொடலும் நிஜ ஆம்பைப் போல, உள்ளே வரும் அளவைப் பொறுத்துத்தான் உடைந்து கரகரக்கிறது. 6 டெசிபெல் கூடினால் கிளீன் சத்தம் கரகரக்கும், குறைந்தால் டிரைவ் உயிரில்லாமல் கிடக்கும். அடுத்தவரின் பிரீசெட் (சேமித்த அமைப்பு) உங்கள் கிற்றாரில் வேறுமாதிரிக் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆம்பைவிடக் கெபினட்

ஆம்ப் பெயர்களைத் தேடி இரவு முழுக்க இருப்பவர்கள் கெபினட்டை (ஸ்பீக்கர் பெட்டியை) ஒரு நிமிடம்கூடப் பார்ப்பதில்லை. 12 அங்குலக் கிற்றார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் வேகமாக விழுந்துவிடும். மண்டபத்து ஸ்பீக்கரோ அதையும் தாண்டி உச்சம்வரை பாடும். ஆகவே கெபினட் மொடலோ ஐஆரோ (நிஜக் கெபினட்டின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) இல்லாத டிரைவ் சத்தம் குளவிக்கூடு மாதிரி இரையும். மாறாக, மொடலரை நிஜக் கிற்றார் ஆம்பின் முன்துளையில் சொருகும்போது கெபினட்டை அணைக்க மறந்தால், போர்வைக்குள் இருந்து வாசிப்பது போலிருக்கும்.

கெபினட்டுக்குப் பின்னால், எல்லைக்கு அப்பாலுள்ள சத்தத்தை நீக்கும் இரண்டு வெட்டு போடுங்கள்: கீழே 80 முதல் 100 ஹேர்ட்ஸ், மேலே 6 முதல் 8 கிலோஹேர்ட்ஸ். கிற்றாரின் தடித்த ஈ தந்தி 82 ஹேர்ட்ஸ்தான். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கைபட்ட அதிர்வும் பாஸ் கிற்றாரோடு சண்டையும். மொடலரில் காட்டும் மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து விளிம்புப் பக்கம் நகர்த்தினால் கூர்மை குறையும். ட்ரெபிள் குமிழைத் தொடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

பைலாவும் துள்ளிசையும்

கொழும்பில் மேடை ஏறும் கிற்றார்காரர் எந்த இசையை நேசித்தாலும், ஒருநாள் பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டை வாசித்தே ஆகவேண்டும். ஆறு-எட்டுத் தாளம், வேகம், வெட்டி வெட்டி அடிக்கும் கோர்ட். இங்கே கிற்றார் பாதித் தாள வாத்தியம்.

ஃபென்டர் டீலக்ஸ் ரிவேர்ப் அல்லது ரோலண்ட் ஜேசி-120 மொடலை எடுங்கள். வொலியூம் 3 அல்லது 4, பாஸ் 3, ட்ரெபிள் 6. மூல டீலக்ஸில் மிட் குமிழே கிடையாது, அதைத் தேட வேண்டாம். மூன்று சிங்கிள்-கொயில் உள்ள கிற்றாரில் சுவிட்சின் 2ஆம் அல்லது 4ஆம் நிலை பொருந்தும். கீழ்வெட்டை 130 ஹேர்ட்ஸ் வரை உயர்த்துங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்துபோன மாதிரி இருக்கும். பாஸ் கிற்றார் சேர்ந்ததும் அந்த மெலிவுதான் உதவும்.

கொம்ப்ரெசர் 3:1 அல்லது 4:1, அட்டாக் 20 முதல் 30 மில்லிசெக்கன். அட்டாக்கை மிக வேகமாக்கினால் பிக் தந்தியைத் தொடும் 'டிக்' நசுங்கும், அதோடு தாளமும் போய்விடும். ரிவேர்ப்பில் கஞ்சத்தனம் வேண்டும். நிமிடத்துக்கு 120 பெரிய தட்டு என்றால் ஒவ்வொரு சிறு தட்டும் 167 மில்லிசெக்கன்தான். 2 செக்கன் நீளும் ரிவேர்ப் 12 அடிகளின் மேல் சேறுபோலப் படியும். ஸ்பிரிங் ரிவேர்ப், 10 வீதம், அவ்வளவுதான். டிலே அறவே வேண்டாம்.

திரைப்பாடல் மேடை

இங்கே கீபோர்ட்தான் எசமான். வயலின் கூட்டமும் பேடும் (நீண்டு நிற்கும் கீபோர்ட் ஒலி) நடுப்பகுதியை நிரப்பிவிடுவதால், கிற்றார் 400 ஹேர்ட்ஸ் அளவில் 2, 3 டெசிபெல் இறங்கி, 2 கிலோஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் எழ வேண்டும். விரலால் பிரித்து வாசிக்கும் இடங்களுக்கு ஜேசி-120இன் கோரஸ் நன்றாக ஒட்டும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மூல ஆம்பில் ஒரு ஸ்பீக்கரில் நேர்ச் சத்தமும் மற்றதில் சுருதி அசையும் சத்தமும் வந்து, இரண்டும் காற்றில்தான் கலக்கின்றன. அந்த மொடலின் ஒரு பக்கத்தை மட்டும் மிக்ஸருக்குக் கொடுத்தால் கோரஸ் இல்லாமல் போகும், அல்லது சுருதி தள்ளாடும். மொடலரின் வெளியீட்டையே மொனோவுக்கு மாற்றி ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.

கமகத்தோடு வரும் லீட் தனி விஷயம். தந்தியை இழுத்து, சுரத்தை வழுக்கி, ஒரு அடியில் நாலு அசைவு காட்டவேண்டும். நாலாவது அசைவுவரை சத்தம் உயிரோடு இருக்கவேண்டும். நெக் பிக்அப், டிரைவுக்கு முன்னால் கொம்ப்ரெசர், கெயின் 5 அளவில். நொய்ஸ் கேட்டை (தாழ்ந்த சத்தத்தை அடைக்கும் கருவியை) தளர்த்துங்கள்: மெட்டலுக்கு வைத்த கேட் இங்கே அடங்கும் சுரத்தின் வாலைக் கத்தரித்துவிடும். அதைக் கேட்கும் பலரும் கிற்றாரில் சஸ்டெயின் இல்லை என்று தந்தி மாற்றுகிறார்கள்.

ஆராதனை இசையும் புளூஸும்

ஆராதனை இசைக்கு வொக்ஸ் ஏசி-30, லேசாக உடையும் அளவில். அதன் 'கட்' குமிழ் தலைகீழாக வேலைசெய்யும். கூட்டினால் கூர்மை குறையும். டிலேயின் புள்ளியிட்ட எட்டிலொன்றைக் கணக்கிட 60,000ஐ வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) பிரித்து 0.75ஆல் பெருக்குங்கள். வேகம் 72 என்றால் 625 மில்லிசெக்கன். டிரம்ஸ்காரர் கிளிக் கேட்காமல் வாசித்தால் டாப் டெம்போவை (வேகத்தைக் காலால் தட்டிக் காட்டும் சுவிட்சை) மிதியுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது வரியில் எதிரொலி தனிவழி போய்விடும்.

புளூஸ், பழைய ரொக்குக்கு மார்ஷல் பிளெக்ஸி, கிரீன்பேக் ஸ்பீக்கர். மூல ஆம்பில் மாஸ்டர் வொலியூம் இல்லை. மொடலில் இருந்தால் முழுதாகத் திறந்துவிட்டு, வெளியேறும் அளவை சனல் வொலியூமில் குறையுங்கள். கிளீனும் டிரைவும் கிற்றாரின் வொலியூம் குமிழில் மாறட்டும்.

மெட்டல்

இசைத்தட்டில் கேட்கும் சுவர் போன்ற சத்தம் ஒரு கிற்றார் அல்ல. ஒரே பகுதியை இரண்டு அல்லது நாலு தடவை வாசித்து இடமும் வலமும் வைத்திருப்பார்கள். அதை ஒரே பிரீசெட்டில் எட்ட நினைத்துக் கெயினை 9க்கு ஏற்றுவதில்தான் எல்லாம் குழம்புகிறது.

மீசா டுவல் ரெக்டிஃபையர் வகை ஆம்பை எடுத்து, முன்னால் டியூப் ஸ்கிரீமர் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வையுங்கள்: டிரைவ் 0, லெவல் 8க்கு மேல், டோன் 5. அது ஏறக்குறைய 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகும் பகுதிக்குக் குறைவான கெயினே கொடுப்பதால், ஆம்புக்குள் பாஸ் கலங்காது. அதன்பின் ஆம்பின் கெயின் 5 அல்லது 6 போதும். மிட் 5க்குக் கீழே இறங்கவேண்டாம். கேட்டை ஆம்புக்கு முன்னால் வையுங்கள். உள்ளங்கையால் தந்தியை அமர்த்தி வேகமாக அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு அடியும் தனியாக எண்ணக்கூடியதாக இருந்தால் அமைப்பு சரி. 'வ்வூம்' என்று ஒட்டிக்கொண்டால் பாஸையும் கெயினையும் குறையுங்கள்.

மீசா மார்க் வரிசை மொடலில் மட்டும் பாஸ் குமிழ் 1 அல்லது 2ஐத் தாண்டக்கூடாது. அங்கே டோன் குமிழ்கள் டிஸ்டோர்ஷனுக்கு முன்னால் இருக்கின்றன. கீழ்ச்சத்தத்தைப் பின்னாலுள்ள கிராபிக் ஈக்யூவில் எடுக்கவேண்டும்.

மேடைக்கு முன்

அமைப்பை முடிப்பது எப்போதும் மேடைச் சத்தத்தில். தாழ்ந்த அளவில் காதுக்குப் பாஸும் உச்சமும் குறைவாகவே கேட்கும்; அதை ஈடுகட்ட அறையில் கூட்டியதெல்லாம் மண்டபத்தில் முழங்கும். அப்படி முடியாவிட்டால், ஹெட்போனில் ஒரு பாடலை ஓடவிட்டு அதன் மேலேயே வாசித்து அமைக்கலாம். தனிக் கிற்றாராக மட்டும் அமைக்காதீர்கள். லீட் பிரீசெட் 3 டெசிபெல் கூட இருக்கட்டும்.

காலிவீதிக்குக் கடல்பக்கம் இருப்பவர்கள் ஜாக்கையும் வயர் முனையையும் மாதம் ஒருமுறை கொன்டாக்ட் கிளீனரால் துடைப்பது நல்லது. உப்புக்காற்றில் முனை கறுத்து வரும் கரகரப்பை ஆம்ப் மொடலின் கோளாறென்று நினைத்துவிடுவீர்கள்.

லப்டொப்பில் வாசிக்கும்போது இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப் (எர்த் இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றுவது). மிக்ஸருக்குப் போகும் வழியில் டீஐ பெட்டி (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வைத்து, அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் ஊசியை வெட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 230 வோல்ட்டில், கையில் தந்தியும் உதட்டருகே மைக்கும் இருக்கும்போது, அந்த எர்த் வயர்தான் உங்களுக்கு முக்கியக் காவல்.