மாலைதீவில் கிற்றார் வாசிக்கப் போகும் வன்னிப் பிள்ளைகளுக்கு

கிளிநொச்சியில் என்னிடம் கிற்றார் பழக வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணை, நாங்களும் மாலைதீவுக்கு வாசிக்கப் போகலாமோ?" போகலாம். பரந்தனிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுவிலும் திருவிழா இசைக்குழுவிலும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கைத்திறமை போதும். பழக்கம்தான் வேறு. அந்தப் பழக்கத்தை இங்கே இருந்தபடியே எப்படி ஏற்படுத்திக்கொள்வது, போகும்போது எதையெல்லாம் கவனிப்பது என்று தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள். மாலைதீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல்தான். சூரியன் மறையும் நேரத்தில் கடற்கரை பாரில் ஒரு முறை, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு முறை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்பது சாதாரணமான ஏற்பாடு. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறையும். மாலைதீவின் தலைநகர் மாலேயின் நேரம் எங்கள் நேரத்துக்கு அரை மணி நேரம் பின்னால். ஆனால் சில ஹோட்டல்கள் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று தங்கள் தீவுக்கு மட்டும் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கும். போய் இறங்கியதும் அதைக் கேட்டுவிடுங்கள்.

சத்தத்தைக் குறைக்கப் பழகுதல்

நாங்கள் வளர்ந்தது கோயில் திருவிழா மேடையில். ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, அடுத்த ஊருக்கும் கேட்க வேண்டும் என்று பாடுவோம். அதில் ஒரு ஆனந்தம் இருக்கிறது, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தீவில் ஒரு மேசையில் இருவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஒருவரையொருவர் கேட்க வேண்டும், உங்களையும் கேட்க வேண்டும். அவர்கள் உங்கள் கச்சேரிக்கு வந்தவர்கள் அல்லர், தங்கள் மாலைப்பொழுதுக்கு வந்தவர்கள். கைதட்டு வராது, யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள், ஆனாலும் எழுந்து போகாமல் இன்னொரு குடிவகை சொல்லி அனுப்புவார்கள். நன்றாக வாசிக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். என் கண்ணில் இது மேடைக் கச்சேரியைவிடக் கடினமான கலை.

இதைப் பழக வன்னியிலேயே ஒரு நல்ல இடம் இருக்கிறது: கல்யாண மண்டபத்துப் பந்தி. தெரிந்தவர்களின் கல்யாணத்திலோ சாமத்திய வீட்டிலோ சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் இருந்து வாசிக்க அனுமதி கேளுங்கள். பந்தி பரிமாறுபவர் "சோறு காணுமோ?" என்று சாதாரணக் குரலில் கேட்பது உங்கள் பாட்டுக்கு மேலால் விளங்க வேண்டும். விளங்காவிட்டால் உங்கள் சத்தம் கூடிவிட்டது. போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். மேசைகள் இருக்கும் இடத்தில் உங்கள் பாட்டு அதை ஒட்டி நிற்கட்டும்.

மெதுவாகப் பாடும்போது சுருதி இறங்கும். மூச்சின் அழுத்தம் குறைவதால் வருவது அது. எனவே சத்தத்தைக் குறைத்தாலும் வயிற்றின் பிடியை விடாதீர்கள். மைக்குக்கு இரண்டு விரல் இடைவெளியில் வாயை வையுங்கள். கிட்டப் போனால் குரலின் அடிப்பகுதி தானாகவே கனத்து வரும், உரத்துப் பாடத் தேவை இருக்காது. கிற்றாரைப் பிளெக்ட்ரத்தால் அடிக்காமல் விரலால் மீட்டுங்கள். தினமும் அரை மணி நேரம், வீட்டில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும் அறையிலேயே, அவர்களின் பேச்சை நிறுத்தாமல்.

பாட்டுகள்

எழுபது எண்பது பாட்டு மனப்பாடமாக இருந்தால்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. ஒரு விருந்தினர் ஒரு வாரம் தங்குவார். இரவுக்கு இருபதுக்கு மேல் பாட்டு போகும். ஒரே வரிசையைத் தினமும் வாசித்தால் அவரைவிட முன்னதாகப் பரிமாறும் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும், அவர்கள் சொல்வது முகாமையாளர் காதுக்குப் போகும். அறுபது, எழுபதுகளின் மென்மையான ஆங்கிலப் பாட்டுகள் அடித்தளம். அதற்கு மேல் பிரேசிலின் மென்மையான பொஸ்ஸா நோவா கொஞ்சம், புதிய பாட்டுகளை வேகம் குறைத்து வாசிப்பது, பாடாமல் கிற்றார் மட்டும் வாசிக்கும் பத்துப் பன்னிரண்டு. சூரியன் மறையும் நேரத்துக்குக் கிற்றார் மட்டும் போதும், எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

விருந்தினர் ரஷ்யா, சீனா, இத்தாலி, ஜெர்மனி, பிரித்தானியா, இந்தியா என்று பல இடங்களிலிருந்து வருவார்கள். ஒவ்வொரு மொழியிலும் ஒரு பாட்டு, உச்சரிப்பு யாரிடமாவது திருத்தி வாங்கியதாக இருக்கட்டும். ஒன்றைத் திருத்தமாகப் பாடுவது ஐந்தை அரைகுறையாகப் பாடுவதைவிட மேல். அன்றைக்கு எந்த நாட்டவர் கூட என்பதை மாலையிலேயே வரவேற்பு மேசையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழையும் விட்டுவிடாதீர்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள், அது இருக்கட்டும். நான் சொல்வது எங்கள் அருவி வெட்டுப் பாட்டு, தாலாட்டு. அப்பம்மா பாடிய மெட்டை டிஏடிஜிஏடி சுருதியில் (ஆறு தந்திகளையும் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று சேர்ப்பது) வைத்து விரலால் மீட்டிப் பாருங்கள். இரண்டு வசனத்தில், இது எங்கள் ஊரில் நெல் வெட்டும்போது பாடுவது என்று சொல்லிவிட்டு வாசியுங்கள். இந்தப் பாட்டு எங்கே கிடைக்கும் என்று சாப்பாட்டை நிறுத்திவிட்டு வந்து கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உலகத்தில் எல்லா ஹோட்டலிலும் அதே முப்பது ஆங்கிலப் பாட்டுகள்தான். உங்களிடம் மட்டும் இருப்பதை ஒளித்து வைக்க வேண்டாம்.

கடதாசி வேலை

விருந்தினர் கூடும் காலம் அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை. எங்களுக்கு மாரி மழை பிடித்து, காலபோக நெல் வயலில் நிற்கும் அதே மாதங்கள். வெட்டு நேரத்தில் வீட்டுக்கு உங்கள் கை தேவை என்றால் அதை முதலே பேசித் தீர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விண்ணப்பம் ஆடி, ஆவணியிலேயே போய்விட வேண்டும்.

விண்ணப்பம் என்றால் மூன்று நிமிடக் காணொளி. ஸ்ரூடியோவில் எதிரொலி போட்டு எடுக்காதீர்கள். கிற்றாரும் குரலும் மட்டும், ஒரே இடத்தில் நிற்கும் கமரா, மூன்று பாட்டிலிருந்து துண்டுகள், முதல் பத்து விநாடிக்குள் பாட்டுத் தொடங்க வேண்டும். மாலை வெளிச்சத்தில் இரணைமடுக் குளக்கட்டில் எடுத்தால் போதும்.

கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலேயே கிளை அலுவலகம் இருக்கிறது. முகவர் மூலம் போகிறீர்கள் என்றால், அவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பணியகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். புறப்படும் முன் நீங்களும் அங்கே பதிய வேண்டும். இறங்கியதும் கிடைக்கும் 30 நாள் சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். "முதலில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். வேலைக்கான அனுமதி உங்கள் பெயரில் கையில் வந்த பிறகுதான் கட்டுநாயக்கா. ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: சம்பளம் டொலரிலா, எந்தத் திகதியில்; சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டா; போகவர விமானச் சீட்டு யார் செலவு; அறை தனியா பகிர்வா; வாரத்தில் ஓய்வு நாள்; நோய் வந்தால் மருத்துவச் செலவு.

பெட்டி அடுக்கும்போது ஒன்று. மதுபானம், பன்றி இறைச்சி மட்டுமல்ல, வழிபாட்டுச் சிலைகளையும் மாலைதீவுக்குள் கொண்டுபோக முடியாது. அம்மா அன்பாக வைத்துவிடும் சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கிற்றாரும் உப்புக் காற்றும்

இதில்தான் நிறையப் பேருக்கு மனம் உடைகிறது. கிற்றாருக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 வீதம். தீவின் காற்றில் அதைவிட எவ்வளவோ கூட. மேற்பலகை ஈரத்தை உறிஞ்சி வயிறு ஊதும், தந்திகள் உயரும், சத்தம் மந்தமாகும். பிறகு குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோனால் காயும். இப்படி நாளுக்கு இரண்டு தடவை ஊதிக் காய்ந்தால் பலகை வெடிக்கும். எனவே வாசிக்காத நேரமெல்லாம் கிற்றார் கடினப் பெட்டிக்குள், ஈரத்தை இழுக்கவும் விடவும் செய்யும் இருவழிப் பையோடு இருக்க வேண்டும். சுவரில் மாட்டி வைக்காதீர்கள். விலை கூடிய திண்மப் பலகைக் கிற்றாரை வீட்டில் வைத்துவிட்டு, ஒட்டுப்பலகைக் கிற்றார் ஒன்றைக் கொண்டுபோவது புத்தி. அது ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது.

தந்திகள் பூச்சுப் பூசியவையாக இருக்கட்டும். சாதாரண வெண்கலத் தந்தி சில நாட்களிலேயே கறுத்து ஒலி செத்துவிடும். ஒவ்வொரு முறையும் வாசித்து முடிந்ததும் பழைய பருத்தித் துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் துடைத்துவிடுங்கள். தந்திக் கட்டுகள், 9 வோல்ட் பற்றரிகள், கழுத்து முறுக்கும் ஆணிக்கான திறப்பு, சுருதி உயர்த்தக் கழுத்தில் மாட்டும் கேப்போ இரண்டு, கேபிள் இரண்டு என்று ஒப்பந்தக் காலம் முழுவதுக்கும் காணக்கூடியதாகக் கொண்டுபோங்கள். தீவில் வாங்கக் கடை இல்லை. கேபிள் செருகியிருக்கும் வரை கிற்றாருக்குள் இருக்கும் பற்றரி ஓடிக்கொண்டே இருக்கும், முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

கடல்விமானத்தில் போக வேண்டிய தீவு என்றால் பொதிக்கு 20 கிலோ, கையில் 5 கிலோ என்ற அளவில்தான் விடுவார்கள். கிற்றார்ப் பெட்டியின் பாரத்தையும் அதில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். பின்னேரம் இறங்கினால் அன்றிரவு மாலேயில் தங்க வேண்டி வரும், அந்தச் செலவு யாருடையது என்பதையும் முதலே கேளுங்கள்.

கடற்கரையில் சவுண்ட்

வெளியில் சுவர் இல்லை. ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து போன சத்தம் திரும்பி வராது, அதனால் அடிச்சுருதி மெலிந்து கேட்கும். உடனே சத்தத்தைக் கூட்டத்தான் கை போகும். கூட்டாதீர்கள். பெரிய பெட்டி ஒன்றுக்குப் பதில் சின்னது இரண்டு கேளுங்கள், மேசைகளுக்குக் கிட்ட, இருப்பவரின் காது உயரத்தில். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து மேசைகளை நோக்கி வீசும்படி இடம் பிடியுங்கள். எதிர்க்காற்றில் சத்தம் முன் மேசையோடு நின்றுவிடும். மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி கட்டாயம். பளைப் பக்கம் காற்றாலைகள் சுழலும் வெளியில் சோளகத்துக்கு நடுவில் ஒரு பின்னேரம் மைக் வைத்துப் பாடிப் பார்த்தால் இதெல்லாம் தானாக விளங்கும்.

கிற்றார் ஊளையிட்டால் அது பெரும்பாலும் 100 ஹேர்ட்ஸை ஒட்டிய இடம், கிற்றாரின் வயிற்றுக் காற்று அதிரும் சுருதி. அந்தச் சுருதியின் அளவை மட்டும் கொஞ்சம் குறையுங்கள், ஒலித்துளைக்கு றப்பர் மூடி போடுங்கள், பெட்டிக்கு முன்னால் நிற்காதீர்கள்.

அங்கே இருக்கும்போது

வேலை செய்பவர்களில் எங்கள் நாட்டவர், பங்களாதேஷ்காரர், இந்தியர், மாலைதீவினர் எல்லாரும் இருப்பார்கள். நோன்பு மாதத்தில் பகலில் நோன்பு இருப்பவர்கள் முன்னால் சாப்பிடாதீர்கள், தண்ணீரும் குடிக்காதீர்கள். மாலைதீவினரின் பொடுபெரு மேள இரவு நடந்தால் போய்ப் பின்னால் இருந்து கேளுங்கள். அந்தத் தாளம் மெதுவாகத் தொடங்கி ஏறும் விதத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஊழியர் விருந்தில் பைலா கேட்டால் மறுக்காமல் வாசியுங்கள், அங்கே மட்டும் திருவிழாச் சத்தம் போடலாம்.

பகல் நீளமாக இருக்கும், வீட்டு நினைவு வரும். பகலில் இரண்டு மணி நேரம் புதுப் பாட்டுக்கு என்று ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடியும் மாதத்தில், நீங்கள் வாசிக்கும் அதே மேடையில், மேசைகளில் ஆட்கள் இருக்கும்போது ஒரு காணொளி எடுக்க முகாமையாளரிடம் அனுமதி கேளுங்கள். விருந்தினர் முகம் தெரியாமல் எடுக்க வேண்டும். அதோடு அவரின் கையெழுத்தில் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆடியில் விண்ணப்பம் போடும்போது அந்த இரண்டும் முன்னால் இருக்கட்டும்.