அமெரிக்கச் சம்பளத்தில் ஃபெடரல் வரி, மாநில வரி: சேர்த்துக் கணக்குப் போடுவது எப்படி?

ஃபெடரல் வரி, அதாவது மத்திய அரசின் வருமான வரி, 22 சதவீதம், மாநில வரி 3.07 சதவீதம், ஆக 25.07, அதைச் சம்பளத்தோடு பெருக்கிவிட்டு "இவ்வளவு போயிடுமா!" என்று கலங்குகிறவர்கள் நிறைய. அந்தக் கணக்கு தப்பு. இரண்டும் வேறு வேறு வரி, வேறு வேறு விதி. தனித்தனியாகப் போட்டு, கடைசியில் வரும் டாலர்களைத்தான் கூட்ட வேண்டும்.

பென்சில்வேனியாவில் வசிக்கும், திருமணமாகாத ஒருவருக்கு 2024இல் சம்பளம் 90,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: ஃபெடரல் வரி
முதலில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 14,600 டாலரைக் கழியுங்கள். இது வரி போடாமல் விட்டுவிடும் நிலையான தொகை. மிச்சம் 75,400. இதற்கு வரி அடுக்கடுக்காக ஏறும்: முதல் 11,600க்கு 10 சதவீதம், அதாவது 1,160, அங்கிருந்து 47,150 வரை உள்ள 35,550க்கு 12 சதவீதம், 4,266, மீதமிருக்கும் 28,250க்கு மட்டும்தான் 22 சதவீதம், 6,215. மொத்தம் 11,641 டாலர்.

படி 2: மாநில வரி
பென்சில்வேனியாவில் அடுக்கும் இல்லை, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் இல்லை. முழு 90,000க்கும் நேராக 3.07 சதவீதம், 2,763 டாலர். டெக்சாஸ், ஃபுளோரிடா என்றால் இந்தப் படியே வேண்டாம், அங்கே சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. கலிஃபோர்னியாவுக்கு அதன் சொந்த அடுக்குகள், சொந்தக் கழிவு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமான 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் நீங்கள் போடும் பணத்தை ஃபெடரல் வரிக்கான வருமானத்திலிருந்து கழித்துவிடுவார்கள், பென்சில்வேனியா கழிக்காது. அதனால் வேலை கொடுப்பவர் ஆண்டுதோறும் தரும் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தில் 1ஆம் கட்டத்தில் (ஃபெடரல்) ஒரு தொகையும் 16ஆம் கட்டத்தில் (மாநிலம்) அதைவிடப் பெரிய தொகையும் இருந்தால் பதற வேண்டாம்.

படி 3: இப்போது கூட்டுங்கள்
11,641 + 2,763 = 14,404. சம்பளத்தில் சுமார் 16 சதவீதம். முதலில் சொன்ன தப்புக் கணக்கில் 22,563 வந்திருக்கும்! சரி, அந்த 25.07 எதற்குத்தான் உதவும்? அடுத்து வரும் சம்பள உயர்வுக்கு: 1,000 டாலர் கூடினால் அதில் 250.70 இந்த இரண்டு வரிக்கும் போகும்.

மாநிலத்துக்குக் கட்டியதை ஃபெடரல் கணக்கில் கழிக்கலாமே என்று கேட்பீர்கள். கழிக்கலாம், ஆனால் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை விட்டுவிட்டுச் செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டினால் மட்டும். வீட்டுக் கடன் வட்டி, நன்கொடை எல்லாம் சேர்ந்து 14,600ஐத் தாண்டாதவருக்கு அதில் லாபமில்லை.

அப்புறம், சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இரண்டுக்கும் சேர்த்து 7.65 சதவீதம், இங்கே 6,885 டாலர், தனியாகப் பிடிப்பார்கள். பிலடெல்பியா போன்ற ஊர் என்றால் நகர வரியும் உண்டு. கைக்கு எவ்வளவு வரும் என்று பார்க்கும்போது இவற்றையும் கழித்துக்கொள்ளுங்கள்.