சர்வீஸ் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் ரீஸ்டார்ட் அடிப்பதை நிறுத்துங்கள்

சர்வரில் ஒரு சர்வீஸ் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் கை தானாக ரீஸ்டார்ட் கட்டளைக்குத்தான் போகும். ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் கோபத்தில் ஆறு தடவை. சிஸ்டம்டி (சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கும் மென்பொருள்) ஓடும் லினக்ஸ் சர்வரில் (உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம் இதில் அடக்கம்) இப்படிச் செய்தால் குழப்பம் கூடத்தான் செய்யும். மாற்றாமல் விட்ட அமைப்பில், 10 விநாடிக்குள் 5 தடவைக்கு மேல் ஸ்டார்ட் கேட்டால் "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குவிக்லி" என்று சொல்லிவிட்டு அது முயற்சியையே கைவிட்டுவிடும். அந்த வரிதான் கோளாறு என்று நினைத்து அதையே தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. நிஜமான காரணம் லாகில் அதற்குச் சில வரிகள் மேலே கிடக்கும். அதைச் சரிசெய்த பிறகு சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட் என்ற கட்டளையைக் கொடுத்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? என் வழக்கம் ஒரே ஒரு கேள்வி: புரோகிராம் பிறக்கவே இல்லையா, பிறந்து செத்ததா, இல்லை பாதியில் தொங்குகிறதா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். பதில் தெரியாமல் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு வரியாக மாற்றிப் பார்ப்பது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

பதில் இருப்பது சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் காட்டும் திரையில். "லோடட்" வரியில் மாஸ்க்ட் என்று இருந்தால் யாரோ வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறார்கள், ஏன் என்று கேட்டுவிட்டு அன்மாஸ்க் செய்யுங்கள். மற்றபடி "மெயின் பிஐடி" வரியின் கடைசியில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் திரையிலேயே நின்றுவிடாதீர்கள். இது லாக் வரிகளில் கடைசி 10-ஐ மட்டும்தான் காட்டும், நீளமான வரிகளை அகலத்துக்கு ஏற்ப வெட்டியும் விடும். முழுசாகப் பார்க்க ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு -யு போட்டு சர்வீஸ் பெயரைக் கொடுங்கள், கூடவே -பி (b) சேர்த்தால் இந்தத் தடவை சர்வர் பூட் ஆனதிலிருந்து வந்த வரிகள் மட்டும் வரும். கீழிருந்து மேலே படியுங்கள், முதல் தடவை ஃபெயில் ஆன இடம் வரைக்கும்.

அந்த எண் 200-ஐ ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருந்து, பக்கத்தில் எக்ஸெக், யூசர் மாதிரி ஒரு வார்த்தையும் இருந்தால் புரோகிராம் பிறக்கவே இல்லை என்று அர்த்தம். சிஸ்டம்டி அதைக் கிளப்பப் போய் வழியிலேயே தடுக்கி விழுந்திருக்கிறது, ஆகவே உங்கள் அப்ளிகேஷனின் கான்ஃபிக்கைத் தொடவே வேண்டாம். 200 என்றால் யூனிட் ஃபைலில் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டி-க்குச் சொல்லும் ஃபைல்) சொன்ன வொர்க்கிங் டைரக்டரிக்குள் போக முடியவில்லை. 217 என்றால் சொன்ன யூசர் இந்த சர்வரில் இல்லை. 226 என்றால் பாதுகாப்புக்காகப் போட்ட தடுப்புகளை அமைக்க முடியவில்லை, பெரும்பாலும் ரீட்ரைட்பாத்ஸ் வரியில் (எழுத அனுமதித்த இடங்களின் பட்டியல்) எழுதிய ஃபோல்டர் ஒன்று இல்லாமல் இருக்கும்.

அடிக்கடி வருவது 203. யூனிட் ஃபைலின் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் இருக்கும் ஃபைலை ஓட்ட முடியவில்லை. பாத் தப்பாக இருக்கலாம், எக்ஸிக்யூட் அனுமதி இல்லாமல் இருக்கலாம், ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் சொன்ன இன்டர்பிரட்டர் (ஸ்கிரிப்ட்டைப் படித்து ஓட்டும் புரோகிராம்) அந்த இடத்தில் இல்லாமல் இருக்கலாம். ஒரு தடவை இந்த 203-ஐ வைத்துக்கொண்டு அரை நாள் ஓட்டியிருக்கிறேன். "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்கிறது லாக், எல்எஸ் அடித்தால் ஃபைல் கண் முன்னாலேயே இருக்கிறது, அனுமதியும் சரி. கடைசியில் பார்த்தால் அந்த ஸ்கிரிப்ட்டை விண்டோஸ் வரிமுடிவோடு சேமித்திருந்தேன். முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு, இன்டர்பிரட்டர் பெயரே வேறாகிவிட்டது. ஃபைல் என்ற கட்டளையை அந்த ஸ்கிரிப்ட் மேல் ஓட்டினால் சிஆர்எல்எஃப் (அந்த விண்டோஸ் வரிமுடிவு) இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். சரிசெய்ய டாஸ்2யூனிக்ஸ் போதும்.

எக்ஸெக்ஸ்டார்ட் வரியை ஷெல் (டெர்மினலில் உங்கள் கட்டளைகளைப் படிக்கும் புரோகிராம்) படிப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பைப், வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பும் குறி, ஹோம் ஃபோல்டருக்கான அலைக்குறி எதுவும் அங்கே வேலை செய்யாது. உங்கள் பாஷ்ஆர்சி-யில் (உங்கள் ஷெல்லின் அமைப்பு ஃபைல்) எழுதிய பாத், வேரியபிள் எதுவும் சர்வீஸுக்குத் தெரியாது. "நான் கையால் ஓட்டினால் ஓடுகிறதே" என்ற புலம்பலில் பாதி இங்கேதான் தீரும்.

எண் 1, 2 மாதிரி சின்னதாக இருந்தால் அனேகமாகப் புரோகிராம் பிறந்து, தானே ஏதோ பிடிக்காமல் வெளியேறியிருக்கிறது. இனி கேட்க வேண்டியது சிஸ்டம்டி-யை இல்லை, புரோகிராமை. ஜர்னலில் ஒன்றும் இல்லையென்றால் /வார்/லாக் பக்கம் போய்ப் பாருங்கள், சில மென்பொருள்கள் தங்கள் லாகைத் தனியாக எழுதும். கான்ஃபிக்கைச் சோதிக்கும் வசதி இருந்தால் அதை ஓட்டுங்கள்: என்ஜின்எக்ஸுக்கும் எஸ்எஸ்ஹெச்டி-க்கும் -டி (t), அப்பாச்சிக்கு கான்ஃபிக்டெஸ்ட். எந்த வரியில் அரைப்புள்ளி விட்டுப்போச்சு என்பது வரை சொல்லும்.

"அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று வந்தால் எஸ்எஸ் கட்டளையை -எல்டிஎன்பி (ltnp) போட்டு ரூட்டாக ஓட்டி அந்த போர்ட்டை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பல நேரம் அது உங்கள் சர்வீஸின் பழைய பிரதிதான், யாரோ கையால் ஓட்டிவிட்டு மறந்திருப்பார்கள். 1024-க்குக் கீழான போர்ட் என்றால் சாதாரண யூசருக்கு வழக்கமாக அனுமதி கிடையாது. எதுவுமே புரியாத விதத்தில் செத்தால் டிஎஃப் -ஹெச் அடித்து டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பாருங்கள், அப்படியே டிஎஃப் -ஐ-யும். இடம் இருந்தும் ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துபோனால் புதிதாக ஒரு ஃபைல்கூட உருவாக்க முடியாது.

அடுத்து அனுமதிப் பிரச்சினை. இதில் நாமே வெட்டி நாமே விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. சர்வீஸ் ஓடவில்லை, "ரூட்டாக ஓட்டிப் பார்ப்போம்" என்று ஓட்டுகிறோம், அழகாக ஓடுகிறது. ஆனால் அந்த ஓட்டத்தில் லாக் ஃபைல், கேஷ், பூட்டு ஃபைல் (lock) எல்லாம் ரூட் பெயரில் உருவாகிவிடும். முதலில் இருந்த கோளாறைச் சரிசெய்த பிறகும் சர்வீஸ் எழாது, ஏனென்றால் இப்போது அதன் சொந்த லாகிலேயே அதனால் எழுத முடியவில்லை. சோதிப்பதென்றால் சுடோ -யு போட்டு சர்வீஸின் யூசராகவே ஓட்டுங்கள். பாத்தில் எந்தக் கட்டத்தில் கதவு சாத்தியிருக்கிறது என்று பார்க்க நேம்ஐ -எல் அருமையான கட்டளை, மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். தயவுசெய்து 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) போட்டுத் தப்பிக்காதீர்கள், எஸ்எஸ்ஹெச் கீ மாதிரி சில ஃபைல்கள் அனுமதி அதிகமானாலே வேலை செய்ய மறுக்கும்.

அனுமதி எல்லாம் சரி, ஆனாலும் "பெர்மிஷன் டினைட்" என்றால் எஸ்இலினக்ஸ் அல்லது ஆப்ஆர்மர், அதாவது ஃபைல் அனுமதிக்கு மேலே இன்னொரு காவல் போடும் பாதுகாப்பு அமைப்புகள். ஃபெடோரா, ரெட் ஹாட் வகையறாவில் ஹோம் ஃபோல்டரிலிருந்து எம்வி செய்த ஃபைல் எஸ்இலினக்ஸ் ஒட்டிய பழைய லேபிளையே சுமந்துகொண்டு வரும். ரீஸ்டோர்கான் ஓட்டினால் போதும், எஸ்இலினக்ஸையே அணைக்கத் தேவையில்லை.

மூன்றாவது வகை, சாகவும் இல்லை பிழைக்கவும் இல்லை. "ஆக்டிவேட்டிங்" என்றே காட்டிக்கொண்டிருந்து 90 விநாடி கழித்து டைம்அவுட் ஆனால் யூனிட் ஃபைலில் டைப் வரியைப் பாருங்கள். டைப் ஃபோர்க்கிங் என்று எழுதியிருந்தால், புரோகிராம் தன் பிள்ளை புராசஸைக் கிளப்பிவிட்டு விலகும் என்று சிஸ்டம்டி காத்திருக்கும். உங்கள் புரோகிராம் விலகாமல் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் காத்திருப்பு முடியவே முடியாது. டைப் நோட்டிஃபை என்றால் "நான் ரெடி" என்று புரோகிராமே சொல்ல வேண்டும். தலைகீழாகவும் நடக்கும்: டைப் சிம்பிள் போட்டுவிட்டு, தானே பின்னணிக்குப் போகும் புரோகிராமை ஓட்டினால், தாய் புராசஸ் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து சிஸ்டம்டி மிச்சத்தையும் கொன்றுவிடும். எண் 0, ஆனால் சர்வீஸ் டெட். இதைப் பார்த்து மண்டை காய்ந்தவர்கள் பலர்.

யூனிட் ஃபைலைத் திருத்தினால் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுக்காமல் மாற்றம் எடுபடாது. நிஜத்தில் எந்த ஃபைல் எடுபடுகிறது என்பதை சிஸ்டம்சிடிஎல் கேட் காட்டும், மூல ஃபைலைத் தொடாமல் மேலே போர்த்திய துண்டு ஃபைல்களையும் (டிராப்-இன்) சேர்த்து. அப்படி ஒரு துண்டில் எக்ஸெக்ஸ்டார்ட்டை மாற்றுவதென்றால் முதலில் வெறும் எக்ஸெக்ஸ்டார்ட் சமக்குறி என்று ஒரு வரி எழுதிப் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத வேண்டும்.

கடைசியாக, முடிந்தால் சர்வரை ஒரு தடவை ரீபூட் செய்து பாருங்கள். இப்போது ஓடுகிற சர்வீஸ் எனேபிள் ஆகாமல், அதாவது பூட்டில் தானாக எழும்படி அமைக்கப்படாமல் இருக்கலாம். /ரன் ஃபோல்டர் மெமரியில் இருப்பது, ரீபூட்டில் காலியாகும், நீங்கள் கையால் அங்கே உருவாக்கிய ஃபோல்டரும் போய்விடும். யூனிட் ஃபைலில் ரன்டைம்டைரக்டரி எழுதினால் ஒவ்வொரு தடவையும் அதுவே உருவாக்கிக்கொள்ளும். நெட்வொர்க் வருவதற்குள் அவசரப்பட்டு எழுந்து விழும் சர்வீஸ் என்றால் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டு வரியிலும் போடுங்கள், ஆஃப்டர் மட்டும் போட்டால் வரிசைதான் சொன்னதாகும், அதைக் கிளப்பச் சொன்னதாகாது.