ஹோத்தூர்லி கணவாயை ஒரே நாளில் கடக்க

சுவிட்சர்லாந்தின் கிரீசால்பிலிருந்து ஹோத்தூர்லி கணவாய் (2,778 மீட்டர்) ஏறி காண்டர்ஸ்டெக்கில் இறங்கப் போகிறீர்களா? முதல் நாள் இரவே கிரீசால்பில் தங்கிவிடுங்கள். காலை பஸ்ஸை நம்பினால் ஏறத் தொடங்கவே நேரமாகிவிடும். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வர வாய்ப்பு அதிகம். மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் இருப்பது நிற்காமல் நடக்கும் நேரம். சாப்பாடு, ஓய்வுக்குத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்றம் சுமார் 1,400 மீட்டர். உச்சிக்குச் சற்றுக் கீழே செங்குத்தான கருஞ்சரளைச் சரிவில் மரப்படிகள் உண்டு. ஈரமாக இருந்தால் வழுக்கும். அப்புறம் இறக்கம் 1,600 மீட்டர். முழங்காலுக்கு அதுதான் சோதனை, ஊன்றுகோல் அவசியம். இறங்கும் வழியில் வரும் ஓஷினென் ஏரிப் பக்கமிருந்து கேபிள் காரில் இறங்கலாம். கடைசி வண்டி எப்போது என்று முன்பே பார்த்து வையுங்கள். ஜூலைத் தொடக்கத்தில்கூடப் பனி கிடக்கலாம், கணவாய்க்குப் பக்கத்திலுள்ள புளூம்லிசால்ப் மலைக்குடிலுக்கு போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.