ரோடு கட்டிங் மெஷின்: சேறு காய்வதற்குள் முடிக்க வேண்டிய வேலை

சிமென்ட் ரோட்டில் ஜாயின்ட் போடவும் பைப் பதிக்கத் தார் ரோட்டைக் கீறவும் கையால் தள்ளிப்போகும் மெஷின்கள் பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: ஹோண்டா ஜிஎக்ஸ்390 மாதிரி ஒரு பெட்ரோல் எஞ்சின், வி-பெல்ட்கள், பிளேடு ஷாஃப்ட், 14 அங்குல வைர பிளேடு. இதற்கு முதல் எதிரி வெட்டும்போது வரும் சாம்பல் நிறச் சேறு. பொடிந்த சிமென்டும் கருங்கல் தூளும் கலந்த குழம்பு அது. ஈரமாக இருக்கும்வரை உப்புத்தாள் போல உரசித் தின்னும்; காய்ந்துவிட்டால் உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். அதனால் பராமரிப்பில் பாதி, வேலை முடிந்த கையோடு கழுவுவதுதான்.

கழுவும்போது பிளேடு கவரைத் தூக்கி உள்பக்கம், ஷாஃப்ட்டைச் சுற்றி, ஆழம் இறக்கும் திருகு, சக்கரத்தின் புஷ் எல்லாவற்றிலும் தண்ணீர் விடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது அதன்மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது. பிரஷர் வாஷர் இருந்தால் ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், பேரிங் சீல் பக்கம் நேராகக் காட்டவே வேண்டாம். சீலைத் தாண்டி உள்ளே போன சேறு கிரீஸோடு கலந்தால் பேரிங் சீக்கிரமே கரகரக்கத் தொடங்கும். கழுவி முடித்ததும் பிளேடு ஷாஃப்ட்டின் இரண்டு பேரிங்குக்கும் கிரீஸ் கன் வையுங்கள். பழைய கிரீஸ் வெளியே வந்து புது நிறம் எட்டிப் பார்த்ததும் போதும். கழுவிய பிறகு கிரீஸ் போடுவதற்குக் காரணம், ஓரத்தில் நின்ற தண்ணீரையும் அது தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

தண்ணீர் டேங்கில் மீதம் இருப்பதைக் காலி செய்யுங்கள். போர் தண்ணீர் ஊற்றுகிற இடங்களில் உப்பு படிந்து, பிளேடின் இரு பக்கமும் இருக்கும் குழாயின் சிறு ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பியால் குத்தி எடுக்கலாம். காலையில் வெட்டத் தொடங்கும் முன் வால்வைத் திறந்து, தண்ணீர் பிளேடின் இரண்டு முகத்திலும் விழுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் மறுபக்கம் சூடேறி பிளேடு வளையும், செக்மென்ட் (பிளேடின் விளிம்பில் வைரம் பதித்த துண்டு) தெறிக்கும். தண்ணீர் குறைந்தால் சேறு வெளியேறாமல் வெட்டுக்குள்ளேயே சுற்றி, செக்மென்ட்டுக்குக் கீழே இருக்கும் இரும்புத் தகட்டை அரித்துவிடும். அப்படி இளைத்த பிளேடில் வைரம் எவ்வளவு மீதமிருந்தாலும் அதைத் தூக்கிப் போடுவதே புத்திசாலித்தனம்.

பிளேடில் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். சுவிட்ச்சை மட்டும் நம்ப வேண்டாம். கழற்றிய பிளேடை விரலில் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல பிளேடு மணிபோல் ஒலிக்கும். ஓட்டைப் பானை சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. திருப்பி மாட்டும்போது முன்பு சுற்றிய திசையிலேயே மாட்ட வேண்டும். அம்புக்குறி அழிந்திருந்தால் செக்மென்ட்டை உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு வைரத் துணுக்குக்குப் பின்னாலும் வால் நட்சத்திரம் மாதிரி சிறு மேடு நீண்டிருக்கும். வைரம் முன்னால், வால் பின்னால் போகிற திசைதான் சுற்றும் திசை. பிளேடை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் ஃப்ளாஞ்ச் தட்டு இரண்டையும் துடையுங்கள்; அரிசி அளவு காய்ந்த சேறு இடையில் மாட்டினாலே பிளேடு ஆடும். சில மெஷின்களில் நட்டு இடப்புற மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும்; முறுக்கும் முன் மரையைப் பாருங்கள்.

வெட்டு மந்தமாகி, செக்மென்ட் மெருகேற்றிய பளிங்கு போலப் பளபளத்தால் பிளேடு தேய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் தேயாததால் புது வைரம் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். தார் ரோட்டுக்கான பிளேடைக் கருங்கல் ஜல்லி போட்ட முதிர்ந்த கான்கிரீட்டில் ஓட்டினால் இதுதான் நடக்கும். சொரசொரப்பான மணற்கல்லிலோ தார் ரோட்டிலோ ஆழமில்லாமல் சில தடவை வெட்டினால் முனை திறந்துகொள்ளும். கான்கிரீட் பிளேடைத் தாருக்குப் போட்டால் கதை தலைகீழ்: வெண்ணெய் போல வெட்டும், பிளேடும் வெண்ணெய் போலவே கரையும்.

பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். இரண்டு புல்லிக்கும் இடையே 300 மி.மீ. இருந்தால் 5 மி.மீ. அளவுக்கு அமுங்கலாம். தளர்ந்தால் வெட்டில் பிளேடு நிற்கும், ரப்பர் கருகும் வாடை வரும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங்கும் எஞ்சின் கிராங்கும் அடி வாங்கும். புது பெல்ட் முதல் சில மணி நேரத்திலேயே கொஞ்சம் நீளும், மறுபடி பாருங்கள். ஒன்று பழுதானாலும் செட்டாகவே மாற்றுங்கள். பழையதும் புதியதும் சேர்ந்தால் பாரம் முழுவதையும் புதியதே சுமக்கும்.

எஞ்சின் ஆயில் ஜிஎக்ஸ்390க்கு 1.1 லிட்டர், 10டபிள்யூ-30. புது மெஷினில் முதல் 20 மணி நேரத்தில் ஒரு தடவை, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மட்டம் பார்க்கும்போது மெஷின் சமதளத்தில் நிற்கட்டும். கேஜைத் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டு எடுங்கள். ஆழமாக வெட்டும்போது மட்டும் எஞ்சின் அணைந்து, நிமிர்த்தினால் மறுபடி ஓடினால் கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். முன்பக்கம் சாய்ந்த நிலையில் ஆயில் குறைவு என்று சென்சார் நிறுத்தியிருக்கலாம். முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.

ஏர் ஃபில்டரை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றினால் போதும் என்பது சாதாரண வேலைக்கான கணக்கு. தூசி பறக்கும் சைட்டில் தினமும் பாருங்கள். ஃபோமை சோப்பு நீரில் அலசி உலர்த்தி, சுத்தமான எஞ்சின் ஆயிலில் நனைத்துப் பிழிய வேண்டும். பேப்பர் ஃபில்டரைத் தட்டுங்கள், அல்லது உள்ளிருந்து வெளியே 30 பிஎஸ்ஐக்கு மிகாமல் காற்று அடியுங்கள். பிரஷ் போட்டுத் தேய்த்தால் தூசி இழைக்குள்ளேயே போய் அடைந்துகொள்ளும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ.

மழைக்காலத்தில் மெஷின் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் டேங்க், கார்புரேட்டர் இரண்டிலும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நாள்பட நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைக்கும். பிளேடைக் கழற்றித் தரையில் படாமல் தொங்கவிடுங்கள். ஷாஃப்ட் மரையிலும் ஃப்ளாஞ்சிலும் கொஞ்சம் ஆயில் தடவி வையுங்கள்.