கிணற்று நீரின் நைத்திரேற்றைக் குறைக்க ஒரு மரத்துண்டுக் குழாய்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் நிற்கிறது. வெங்காயத் தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழிக் கசிவும் மெல்லிய செம்மண்ணைத் தாண்டினால் கிணறுதான். பல கிணறுகளில், உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் நைதரசன் உப்பான நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தால் நீர் வற்றி, செறிவு இன்னும் கூடும்.

நீரைச் சுத்திகரிக்கப் போடும் நுண்துளைக் கனிமமான சியோலைற்றுக் கல் போடலாமா என்று கேட்பார்கள். அது நேரேற்றம் கொண்ட அமோனியத்தைப் பிடிக்கும். நைத்திரேற்று, அந்தக் கல்லைப் போலவே மறையேற்றம் கொண்டது, ஒட்டாது. நமக்கு வேண்டியது மரம். ஒட்சிசன் தீர்ந்த இடத்தில் பற்றீரியாக்கள் மரத்தின் காபனைத் தின்று, நைத்திரேற்றைச் சுவாசித்து, நைதரசனை வாயுவாக விடும். கனடாவின் ஒன்ராறியோவில் 1990களில் மரத்தூள் சுவர்களை நிலத்தில் புதைத்தே இதைச் செய்துகாட்டினார்கள்.

முதலில், 4 அங்குல பிவிசி குழாய் ஒரு மீற்றர். அடியை மூடி, அடிக்குச் சற்று மேலே பக்கத்தில் துளையிட்டு சேலைன் குழாயைப் பொருத்துங்கள். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வெளியேறும் துளை.

அடுத்து, விரல் நகமளவு மரத்துண்டுகள். வர்ணமோ பூச்சிமருந்தோ பட்ட பலகை வேண்டாம். ஒரு பிடி குளத்துச் சேற்றைக் கலந்து நிரப்புங்கள்.

இப்போது வாளியை உயரத்தில் வைத்து, சேலைன் குழாய் வழியே கிணற்று நீரை அடியிலிருந்து மேலே ஏற விடுங்கள். அப்போதுதான் துண்டுகள் எப்போதும் மூழ்கியிருக்கும், காற்று புகாது. வேகம் நொடிக்கு ஒரு சொட்டு. நீர் கிட்டத்தட்ட ஒரு நாள் உள்ளே தங்க வேண்டும். அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது, இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் நாட்களில் தேநீர் நிறத்தில் வரும், ஊற்றிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் நைத்திரேற்றுச் சோதனைப் பட்டியால் பாருங்கள். பட்டி நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டால் அதே 50 எல்லை 11 என்று வரும், குழம்ப வேண்டாம்.

நைத்திரேற்று வாயுவாகும் வழியில் உருவாகும் இடைப்பொருளான நைத்திரைற்றையும் கட்டாயம் பாருங்கள். அது கூடினால் வேலை பாதியில் நிற்கிறது, சொட்டைக் குறையுங்கள். கூழ்முட்டை மணம் வந்தால் நைத்திரேற்று முழுதும் தீர்ந்துவிட்டது. அப்போது சற்றுக் கூட்டலாம்.

இந்த நீரைக் குடிக்காதீர்கள். வாழைக்கு விடுங்கள். குழந்தைக்குப் பால்மா கரைக்க, பரிசோதித்த வேறு நீரையே எடுங்கள். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்க முடியாமல் உடல் நீலமாவதற்கு இந்த நைத்திரேற்றும் ஒரு காரணம்.